இரண்டு விரற்கடை

குளிர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நாற்பது வயது வரையில் நம்பிக்கொண்டிருந்தேன். மார்கழி விடியலில் காவேரியில் முழுக்குப் போட்டிருக்கிறேன். ஜனவரி மாதத்தில் உதகமண்டலத்துக் கடைத்தெருவில் பல் கிட்டிப்போக நின்று தேநீர் குடித்திருக்கிறேன். 2018-ஆம் வருஷம் டிசம்பர் கடைசியில், ஸ்ரீநகரில் டால் ஏரியின்மேல் ஒரு படகு வீட்டில், மனைவியுடனும் எட்டு வயதுப் பெண்ணுடனும் ஐந்து இரவு தங்கினேன். அதுவரை நான் குளிர் என்று நினைத்திருந்ததெல்லாம் ஏதோ சிறு அசௌகரியம் மாத்திரமே என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஐந்து இரவுகளில் இரண்டாவது இரவைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். எழுதவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது வெட்கம். கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தான் செய்த அசட்டுத்தனங்களையெல்லாம் யாராவது ஒரு பாத்திரத்தின் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். இதையும் அப்படிக் கதையாக்கப் பார்த்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். கதையில் வந்த மனிதன் என்னைவிட நல்லவனாகவே வந்துகொண்டிருந்தான். ஆகவே கட்டுரையாகவே எழுதிவிடுகிறேன்.

காஷ்மீரத்துப் படகு வீட்டைச் சினிமாவில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். தேவதாரு மரத்தில் கட்டியது. முன்னால் ஒரு தாழ்வாரம், அடுத்துக் கூடம், சாப்பாட்டு அறை, அப்புறம் ஒரு பக்கமாக ஓடும் நடை, நடையை ஒட்டி வரிசையாகப் படுக்கை அறைகள். நம் முதல் வகுப்பு ரயில் பெட்டியைப் பெரிதாக்கி, அதில் ஒரு தச்சனை ஆயுள் முழுக்க உட்கார்த்தி வைத்துச் சித்திர வேலை செய்யச் சொன்னது போல் இருக்கும். வெளியூரார் காஷ்மீரத்தில் நிலம் வாங்கக் கூடாது என்று மகாராஜா காலத்தில் தடை இருந்ததாம். கோடைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் நிலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரின்மேல் குடியேறிக்கொண்டார்கள் என்பார்கள். எப்படியானாலும் கோடைக்கென்று ஏற்பட்ட வாசஸ்தலம் அது. அதில் டிசம்பரில் போய்க் குடும்பத்தோடு தங்குவது, மல் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஐப்பசி மழையில் நிற்பதற்குச் சமானம். வாடகை குறைவு என்பதால் நான் அதைச் செய்தேன்.

டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கி நாற்பது நாளைக் காஷ்மீரத்தார் 'சில்லை கலான்' என்கிறார்கள். பெரிய குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் இருபது நாள் சின்னக் குளிர். பிறகு பத்து நாள் குழந்தைக் குளிர். நாம் விரதத்துக்கு மண்டலக் கணக்கு வைத்துக்கொள்வது போல் அவர்கள் குளிருக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது பெரிய குளிர் ஆரம்பித்த மறுநாள். ஏரியின் ஓரங்களில் பனி ஆடை கட்டியிருந்தது. எங்களை ஏற்றி வந்த சிகாராக்காரர் துடுப்பால் அதைத் தட்டி உடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடி நொறுங்குகிற சத்தம். என் பெண்ணுக்கு அது பிரமாதமான வேடிக்கை.

படகு வீட்டில் எங்களைக் கவனித்துக்கொள்ள ஒரு கிழவர் இருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கலாம். முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஃபெரன் என்ற தொளதொளத்த கம்பளி அங்கி. ஒரு கையை எப்போதும் அதற்குள்ளேயே வைத்திருப்பார். முதலில் பார்த்தபோது கை ஊனமோ என்று நினைத்தேன். உள்ளே அவர் கட்டிக்கொண்டிருந்தது காங்ரி. கூடைப் பின்னலுக்குள் வைத்த ஒரு மண்சட்டி, சட்டியில் கரித்தணல். நம் வீட்டில் பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கு அடியில் வைக்கும் கணப்புச் சட்டியின் ஒன்றுவிட்ட தம்பி. இலையுதிர் காலத்தில் சினார் மரத்துச் சருகுகளைக் கூட்டி எரித்துக் கரியாக்கி, குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைக்கிறார்கள். கரித்தணலை வயிற்றோடு அணைத்துக்கொண்டே அவர்கள் நடக்கிறார்கள், சமைக்கிறார்கள், வியாபாரம் பேசுகிறார்கள். பல வருஷம் அப்படிச் சுட்டுச் சுட்டு அந்த இடத்துத் தோலில் புற்றுநோய் காண்பதும் உண்டு என்று வைத்திய நூல்கள் சொல்கின்றன. குளிரைச் சமாளிக்க மனிதன் கொடுக்கும் விலை எத்தனையோ விதம்.

படுக்கை அறையில் புகாரி என்ற இரும்பு அடுப்பு இருந்தது. விறகு போடும் ஒரு பீப்பாய், அதிலிருந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் தகரக் குழாய், அவ்வளவுதான். மின்சாரப் போர்வையும் கொடுத்திருந்தார்கள். மின்சாரம் போய்விட்டால் அது வெறும் போர்வை. முதல் நாள் இரவு எட்டு மணிக்கே மின்சாரம் போயிற்று. கிழவர் வந்து புகாரியைப் பற்ற வைத்தார். கால் மணி நேரத்தில் அறை எங்கள் தஞ்சாவூர் வீட்டுச் சமையலறை மாதிரி ஆகிவிட்டது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் புகாமல் அடைத்திருந்தார்கள், ஜன்னல்கள் சிறியவை, கனத்த திரை, தரை முழுதும் கம்பளம், கை எட்டுகிற உயரத்தில் கூரை. "எவ்வளவு அடக்கமான அறை!" என்று மனைவியிடம் சொன்னேன். தண்ணீர் புகாதபடி செய்த பெட்டிக்குள் காற்றும் எளிதில் புகாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

பத்து மணிக்குக் கிழவர் மறுபடியும் வந்தார். புகாரியிலிருந்த தணலையெல்லாம் ஓர் இரும்புக் கரண்டியால் வாளியில் அள்ளினார். குழந்தையின் கால்மாட்டில் இருந்த காங்ரியையும் எடுத்தார். மூன்று ரப்பர்ப் பைகளில் வெந்நீர் நிரப்பிக் கொண்டுவந்து படுக்கைக்குள் வைத்தார். அது வரையில் சரி. அப்புறம் ஜன்னலண்டை போய் அதை இரண்டு விரற்கடை திறந்து, ஒரு மரச் சக்கையைச் செருகினார்.

நான் பதறிப்போனேன். என் மனைவி இந்திப் பிரசார சபையில் ராஷ்டிரபாஷா பரீட்சை வரை பாஸ் செய்தவள். அவளை விட்டு என்னவென்று கேட்கச் சொன்னேன். கிழவர் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்: "நெருப்புக்கும் மூச்சு வேணும், மனுஷாளுக்கும் மூச்சு வேணும், அறையிலே இருக்கிறது ஒரே காத்துதான்னு சொல்றாருங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. நெருப்பைத்தான் அள்ளிக்கொண்டு போகிறாரே, பிறகு ஜன்னல் எதற்கு? அடியில் சாம்பலுக்குள் எவ்வளவு கனல் மிஞ்சியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றாராம். அன்று இரவு கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த இரண்டு விரற்கடையைச் சபித்துக்கொண்டே தூங்கினேன்.

இரண்டாவது நாள் நான் ஒரு திட்டத்தோடு இருந்தேன். காசு கொடுத்துத் தங்குகிறவனுக்கு அறையைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள உரிமை இல்லையா? பின்னால் இருந்த சமையல் படகில் எடுபிடியாக ஒரு பையன் இருந்தான். அவன் கையில் ஐம்பது ரூபாயைத் திணித்து இரண்டு காங்ரிகள் வரவழைத்துக் கட்டிலின் இரு பக்கமும் வைத்துக்கொண்டேன். கிழவர் வந்து தணலை அள்ளிப் போனதும், கொஞ்சம் விறகை நானே புகாரியில் போட்டுப் பற்ற வைத்தேன். அதன் காற்றுவாயை மூடிவிட்டால் விறகு விடிகிற வரை நிதானமாகக் கனன்றுகொண்டிருக்கும் என்று ஒரு சிக்கன யோசனை வேறு. சென்னையிலிருந்து கொண்டுபோன தமிழ்ப் பத்திரிகையை மடித்து ஜன்னல் இடுக்கில் அழுத்தி அடைத்தேன். அறை கதகதவென்று ஆயிற்று. அவ்வளவு சுகமான தூக்கத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் அனுபவித்ததில்லை.

தூங்குவதற்கு முன்னால் என் பெண், "தலை வலிக்குதுப்பா" என்றாள். "நாள் பூரா பனியிலே ஆடினா வலிக்காம என்ன செய்யும்? தூங்கு, காலையிலே சரியாயிடும்" என்றேன்.

எத்தனை மணியோ தெரியாது. கண்ணை விழித்தபோது அறையில் விளக்கு வெளிச்சம். கிழவர் நின்றுகொண்டிருந்தார். அந்த அறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. நடைப்பலகையில் போகும்போது ஜன்னலில் காகிதத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. காகிதத்தைப் பிடுங்கி எறிந்தார். ஜன்னலை இரண்டு விரற்கடை அல்ல, முழுவதும் திறந்தார். நடைக் கதவையும் திறந்தார். இரண்டு காங்ரிகளையும் எடுத்துக்கொண்டு போனார்; தணல் ஏரியில் விழுந்து 'சொய்' என்று அவியும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து புகாரியை அள்ளினார். பிறகு என் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கி, அவள் எழுந்து சிணுங்குகிற வரையில் விடவில்லை. நான் ஏதோ கத்தினேன். எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் துவண்டது, தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அந்தக் கிழவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. எங்கள் மூவரையும் கம்பளியோடு கூடத்தில் அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, அறையை மறுபடி ஒழுங்கு செய்து, ஜன்னலில் மரச் சக்கையைச் செருகிவிட்டுப் போனார்.

காலையில் தலை வெடித்துவிடும் போல் வலித்தது. மனைவிக்குக் குமட்டல். அவ்வளவும் நடுராத்திரியில் ஜன்னலைத் திறந்துபோட்டதன் பலன் என்று முடிவு கட்டினேன். படகின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, குடும்பத்தோடு படுத்திருக்கிற அறையில் வேலைக்காரர் நுழையலாமா என்று கேட்டேன். அவர் மரியாதைக்காரர். என் எதிரிலேயே கிழவரைக் காஷ்மீரி மொழியில் கடிந்துகொண்டார். கிழவர் ஒரு கையை ஃபெரனுக்குள் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு எங்கள் அறைக்கு அவர் வரவில்லை, வேறொருவர் வந்தார். மிச்ச இரவுகளில் மின்சாரமும் தடையில்லாமல் இருந்தது. ஊருக்குக் கிளம்புகிறபோது எங்கள் பெட்டிகளைச் சிகாராவில் ஏற்றியவர் அந்தக் கிழவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் இனாம் கொடுத்தேன். அவருக்குக் கொடுக்கவில்லை. மறந்து அல்ல, வேண்டுமென்றே.

ஒரு வருஷத்துக்குமேல் இதை நான் ஒரு ஹாஸ்யக் கதை மாதிரி நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2020 ஜனவரியில் ஒரு நாள் காலைப் பத்திரிகையில் ஒரு செய்தி. நேபாளத்தில் தாமன் என்ற மலையூர். கேரளத்திலிருந்து சுற்றுலா போன கூட்டத்தில் இரண்டு குடும்பத்தார், எட்டுப் பேர், அவர்களில் நாலு பேர் குழந்தைகள், குளிர் தாங்காமல் ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள். வாயுவில் எரியும் கணப்பு ஒன்றை அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள். காலையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காப்பி ஆறிப்போவது தெரியாமல் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் போய், என் ஹாஸ்யக் கதையை ஹாஸ்யம் இல்லாமல் சொன்னேன்.

அவர் விளக்கினார். கரி தாராளமான காற்றில் எரிந்தால் கரியமில வாயு உண்டாகிறது. காற்றுப் போதாமல் அரைகுறையாகக் கனன்றால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இதை இருநூறு மடங்குக்குமேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அப்புறம் கைகால் அசதி, தூக்கம். "உங்களுக்கு அன்றைக்கு வந்த தலைவலி ஜன்னல் திறந்ததால் வந்திருக்காது. ஜன்னல் மூடியிருந்ததால் வந்திருக்கும்" என்றார். "இருக்கும் என்றால்?" என்று கேட்டேன். "அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது."

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்ற அந்த வார்த்தைதான் அன்றிலிருந்து என்னைப் பிடுங்கித் தின்கிறது. ஆற்றில் மூழ்குகிறவனைக் கரைக்கு இழுத்துப் போட்டால், அவன் காலில் விழுந்து கும்பிடுகிறான், ஊரே பார்க்கிறது. ஆற்றங்கரைக்கே போகவிடாமல் ஒருவனைத் தடுத்து நிறுத்துகிறவன் நிலை என்ன? தடுத்தது பலித்துவிட்டால் ஒன்றுமே நடப்பதில்லை. ஒன்றும் நடக்காததற்கு யாரிடம் நன்றி சொல்வது? கிழவர் அன்று வராமல் இருந்திருந்தால் நாங்கள் தலைவலியோடு எழுந்து தேநீர் குடித்திருப்போமோ, அல்லது எழுந்தே இருக்க மாட்டோமோ, அதை அறிய வழியில்லை. என் பெண்ணின் உயிரை அவருக்குக் கடன்பட்டிருக்கிறேனா, ஒரு நல்ல தூக்கத்தைக் கெடுத்ததற்காக அவரை மன்னிக்க வேண்டுமா? இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு கடனை எந்தக் கணக்கில் எழுதுவது?

என்னுடைய தொழிலைச் சேர்ந்த ஒருவர் இந்த வாயுவினால் இறந்திருக்கிறார். எமிலி ஜோலா. 1902-ஆம் வருஷம் செப்டம்பர் 28-ஆம் தேதி நாட்டுப்புற வீட்டிலிருந்து மனைவியோடு பாரிஸ் வீட்டுக்குத் திரும்பினார். ஈரமும் குளிருமான நாள். படுக்கை அறைக் கணப்பில் நெருப்பு மூட்டினார்கள். புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை. இரவில் மனைவிக்கு உடம்புக்கு ஆகாமல் எழுந்தார். கணவருக்கும் ஏதோ செய்தது. வேலைக்காரர்களைக் கூப்பிடலாம் என்றாராம் மனைவி. வேண்டாம், அவர்களை எழுப்பாதே, காலையில் சரியாகிவிடும் என்றாராம் ஜோலா. பிறகு ஜன்னலைத் திறக்க எழுந்தவர் தரையில் விழுந்துவிட்டார். காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது மனைவிக்கு உயிர் இருந்தது, அவருக்கு இல்லை. டிரைபஸ் வழக்கில் அவர் சம்பாதித்த விரோதிகள் யாராவது புகைபோக்கியை அடைத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. எனக்கு அந்த மர்மத்தில் அவ்வளவு அக்கறை இல்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி 'ஜெர்மினல்' என்ற பெரிய நாவலை எழுதியவர், கடைசி ராத்திரியில் வேலைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தார். அதுதான் என் மனத்தில் நிற்கிறது. அது நல்ல குணம். அன்றைக்கு யாராவது மரியாதை கெட்டவர் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கலாகாதா?

"காலையிலே சரியாயிடும்" என்று என் பெண்ணிடம் நானும் அன்று சொன்னேன்.

இந்தக் கதையை என் நண்பர், வக்கீல், அவரிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "உன் உணர்ச்சியை விடு. உன் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு ஒருவன் நடுராத்திரியில் உன் அறைக்குள் நுழையலாம் என்றால், அது எங்கே போய் நிற்கும்? உலகத்தில் நடந்த கொடுமைகளில் பாதி 'உன் நன்மைக்காக' என்று சொல்லித்தான் நடந்திருக்கிறது" என்றார். அது உண்மை. மறுக்க முடியாது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் இதற்கு ஓர் உதாரணம் சொல்லியிருப்பதாகவும் எடுத்துக்காட்டினார். இடிந்து விழப்போகும் பாலத்தின்மேல் ஒருவன் ஏறப் போகிறான். எச்சரிக்க நேரம் இல்லை. அவனைப் பிடித்து இழுக்கலாம். அதனால் அவன் சுதந்திரம் கெடாது, ஏனென்றால் ஆற்றில் விழ அவன் ஆசைப்படவில்லை. ஆனால் பாலம் விழுவது நிச்சயம் அல்ல, விழலாம் என்கிற அபாயம் மாத்திரமே என்றால், சொல்லி எச்சரிக்க வேண்டும். அப்புறம் அவன் இஷ்டம். "கிழவர் முதல் நாளே எச்சரித்துவிட்டார். அதோடு அவர் கடமை தீர்ந்தது" என்றார் வக்கீல்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் படித்த படிப்பு மில்லோடு வாதாடப் போதாது. வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியைத் தேடிப் படித்தேன். வக்கீல் ஒரு வரியை விட்டுவிட்டார். அல்லது அவருக்கு அது முக்கியமாகப் படவில்லை. குழந்தையையும், புத்தி தெளிவில்லாத நிலையில் இருப்பவனையும் மில் இந்த விதியிலிருந்து விலக்கி வைக்கிறார். அந்த அறையில் ஒரு குழந்தை இருந்தது. நானோ காலூன்றி நிற்க முடியாத நிலையில் இருந்தேன். இந்த வாயுவின் கொடுமையே அதுதான்: எது நல்லது என்று தீர்மானிக்க வேண்டிய மூளையைத்தான் அது முதலில் பிடிக்கிறது. ஆபத்து நேரத்தில் உன் இஷ்டம் என்ன என்று கேட்டால், தூங்க வேண்டும் என்பதுதான் உன் இஷ்டமாக இருக்கும்.

மில்லையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசித்தபோது, என்னைச் சுட்டது வேறு. அந்த ஜன்னலை அடைப்பது என் உரிமை என்று எவ்வளவு சுலபமாக நினைத்துவிட்டேன்! அறையில் மூன்று பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். மனைவியைக் கேட்டேனா? "அந்தப் பெரியவர் சொன்னாரேங்க" என்று அவள் ஒரு தடவை சொன்னாள், "அவருக்கு என்ன தெரியும்?" என்றேன். பெண் தலைவலி என்று சொன்னதற்குத் தூங்கு என்றேன். கிழவர் என் இஷ்டத்துக்கு மாறாக நடந்தார் என்று படகுக்காரரிடம் புகார் சொன்ன நான், மற்ற இருவர் இஷ்டத்தையும் என் கம்பளிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

வக்கீல் சொன்ன கொடுமைக்காரர்களையும் இந்தக் கிழவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பெரிய சாஸ்திரம் எதுவும் என்னிடம் இல்லை. பிறர் நன்மைக்காக என்று கிளம்புகிறவர்கள் அநேகமாகத் தங்கள் கையில் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டே போகிறார்கள், குறைந்தபட்சம் நன்றியையாவது. இவர் உறைபனியில் வழுக்கும் பலகையின்மேல் நடுராத்திரியில் நடந்து வந்தார். ஏச்சு வாங்கினார். என்ன நடந்திருக்கும் என்று விளக்கித் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட முயலவில்லை. மறுநாள் என்னைப் பார்த்து, 'பார்த்தாயா' என்பது போல் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கெட்டிக்காரத்தனத்தை நிரூபிக்க அவருக்கு அக்கறையே இல்லை. அல்லது, படுத்திருந்தவர்கள் காலையில் எழுந்து திட்டியதே அவருக்குப் போதுமானதாக இருந்ததோ என்னவோ.

வள்ளுவர் அரசரோடு பழகுவதற்குத் தீக்காய்வதை உவமை சொன்னார். ரொம்பக் கிட்டவும் போகாதே, ரொம்ப விலகியும் நிற்காதே என்று. அவர் கண்ட நெருப்பு திறந்தவெளியில் எரிந்த நெருப்பாக இருக்க வேண்டும். அது கிட்டப் போனால் சுடும், சுட்டால் விலகிக்கொள்ளலாம். மூடிய அறையில் கனலும் தணல் எவ்வளவு விலகிப் படுத்தாலும் விடாது, சுடவும் செய்யாது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கானரி என்ற சிறு குருவியைக் கூண்டில் எடுத்துப் போவார்கள். ஹால்டேன் என்ற விஞ்ஞானி, தாமே இந்த வாயுவைச் சுவாசித்துப் பரீட்சை செய்து பார்த்தவர், 1890-களில் சொன்ன யோசனை அது. மனிதனுக்கு உறைக்கும் முன்னால் குருவி துவண்டு விழும். 1986-ஆம் வருஷம் வரையில் அங்கே இந்தப் பழக்கம் இருந்தது. இப்போது உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று விற்கிறார்கள், பாட்டரியில் ஓடும், வாயு சேர்ந்தால் கீச்சிட்டுக் கத்தும். குளிர் தேசங்களுக்குப் போகும் அன்பர்கள் அதில் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, படுப்பதற்கு முன் நெருப்பை அறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். வெந்நீர்ப் பை, குல்லாய், காலுறை, இரண்டு கம்பளி இருந்தால் சாகமாட்டீர்கள், கொஞ்சம் நடுங்குவீர்கள். எல்லாம் தெரிந்த இடத்திலும் விபத்து நடக்கிறது. ஸ்ரீநகரிலேயே 2025 ஜனவரியில் ஒரு வாடகை வீட்டில் தாய், தகப்பன், மூன்று குழந்தைகள், ஐந்து பேரும் இப்படி மூச்சடைத்துப் போனார்கள்.

நானும் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன். அது எப்போதாவது நடுராத்திரியில் கத்தினால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எழுந்து வெளியே ஓடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சாமானாயிற்றே!

கிழவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனால் அவர் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. 2022 டிசம்பரில் எங்கள் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர் ஸ்ரீநகர் போவதாகச் சொன்னார். அதே படகு வீட்டின் விலாசத்தைக் கொடுத்து, ஓர் உறையில் கொஞ்சம் பணமும் வைத்து, ராத்திரியில் ஜன்னலைத் திறந்து வைக்கிற பெரியவர் ஒருவர் இருப்பார், அவரிடம் சேர்த்துவிடுங்கள் என்றேன். பத்து நாள் கழித்து நண்பர் திரும்பி வந்தார். உறை அப்படியே இருந்தது.

"சொந்தக்காரரிடம் கேட்டேன் சார். எந்தக் கிழவர் என்கிறார். இந்த வரிசையில் இருக்கிற படகு அத்தனையிலும் கிழவர்கள்தாம், எல்லாரும் ஜன்னலைத் திறக்கிறவர்கள்தாம் என்று சிரிக்கிறார். யாரிடம் கொடுப்பது?"

நான் உறையை வாங்கி மேஜையில் வைத்தேன். நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அது கிடக்கட்டும். அந்த ஜன்னல் விஷயத்தை நீங்கள் முன்னாலேயே எனக்கு விவரமாகச் சொல்லியிருக்கக் கூடாதா? நாலு ராத்திரி சார்! நாலு ராத்திரியும் ஒரு ஆள் வந்து திறந்து வைத்துவிட்டுப் போகிறான். என் மாமியாருக்கு மூக்கு அடைத்துக்கொண்டு…"

அரை மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டார். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.